பேச்சு வழக்கும் பேனாக் கோடும்

நமது விமரிசகர்கள் சிறுகதையை ஆராய்ந்திருக்கிறார்கள், நாவலை ஆராய்ந்திருக்கிறார்கள், நாட்டார் பாடலையும் கூத்தையும் பல்கலைக்கழக மண்டபங்களுக்கு அழைத்துவந்து உரிய இடத்தில் அமர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பத்திரிகையைப் பிரித்ததும் தலையங்கத்துக்கு முன்பாகவே கண் சென்று விழுகிற அந்தச் சிறிய கட்டத்தை, கறுப்பு மையினால் நாலு கோடு இழுத்து ஒரு மனிதனை நிறுத்திவைக்கிற அந்தக் கலையை, பெரும்பாலும் அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். கேலிச்சித்திரம் என்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டவேண்டிய பொருள் என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. சிரிப்பைப் பற்றிய இந்த அவமதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மக்களின் பேச்சைப் பற்றிய அவமதிப்பு வந்த அதே இடத்திலிருந்துதான் என்போம்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை இவ்வேட்டின் வாசகர்கள் அறிவர். கதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சு அப்படியே ஒலிக்கத் தொடங்கியபோது, அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் சிலர் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர்கள் அதற்கு விடை கூறினர்; வரலாறு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் போராட்டம் எழுத்தோடு நின்றுவிட்டது. படத்துக்கும் ஒரு செந்தமிழ் உண்டு, ஒரு பேச்சு வழக்கு உண்டு என்பதை எவரும் அப்போது எடுத்துப் பேசவில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த வண்ணப் படங்கள், அவற்றின் வழியில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவரது சீடர்களும் வரைந்த நாட்காட்டித் தெய்வங்கள், இவைதாம் நமது வீடுகளில் படத்தின் செந்தமிழாக இருந்தன. அவற்றில் கோடு தெரியாது. நிழலும் ஒளியும் ஒன்றில் ஒன்று கரைந்து, வரைந்தவனின் கை எங்கே இருந்தது என்ற தடயமே இல்லாமல் போய்விடும். பத்திரிகைச் சித்திரத்திலோ கை மறைவதில்லை. பேனா அழுத்திய இடம் தடித்தும், தயங்கிய இடம் நடுங்கியும், விரைந்த இடம் மெலிந்தும் நிற்கின்றன. பேசுபவனின் மூச்சு பேச்சில் கேட்பது போல, வரைந்தவனின் மூச்சு அந்தக் கோட்டில் கேட்கிறது.

இந்தக் கோடு ஒரு கலைஞனின் தனிப்பட்ட விருப்பத்தினால் பிறந்ததன்று. அச்சுத் தொழிலின் வறுமையிலே அது பிறந்தது. இந்திய மையினால் வரைந்த படத்தை நிழற்படம் எடுத்து, அதன் உருவை நாகத்தகட்டின்மேல் பதித்து, தகட்டை நைத்திரிக் அமிலத்தில் இடுவார்கள். கோடு இல்லாத இடங்களை அமிலம் அரித்துவிடும். கோடு மாத்திரம் மேடாக எஞ்சும். தகட்டை மரக்கட்டையில் அறைந்தால் ‘புளொக்’ தயார்; எழுத்துகளோடு சேர்த்து அதையும் அச்சேற்றிவிடலாம். இந்த முறைக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும்; சாம்பல் தெரியாது. சாம்பல் வேண்டுமானால் நெருக்கமாகக் கோடுகளை இழுத்தோ, புள்ளி குத்தியோ, கண்ணை ஏமாற்ற வேண்டும். அதிகம் நெருக்கினாலோ மலிவான பத்திரிகைத் தாளில் மை பரந்து எல்லாம் ஒரே கறையாகிவிடும். அதிகம் மெலிந்த கோடு அச்சில் அறுந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கோடும் தன் வேலையைச் செய்தேயாக வேண்டியிருந்தது. உற்பத்திச் சாதனம் கலையின் வடிவத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்று மாணவருக்கு விளக்க, இதைவிட எளிய உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

முதலாளித்துவப் பத்திரிகைப் போட்டியே இக்கலையைப் பெரிய அளவில் வளர்த்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்புச் சந்துகளில் திரியும் மொட்டைத் தலைச் சிறுவன் ஒருவனை 1895இல் ரிச்சர்ட் அவுட்கோல்ட் பத்திரிகையில் வரைந்தார். ‘மஞ்சள் பையன்’ என்று பெயர்பெற்ற அந்தச் சிறுவனுக்காக இரண்டு பத்திரிகை முதலாளிகள் மோதினர். ‘மஞ்சள் பத்திரிகை’ என்று நாம் இன்று வெறுப்போடு சொல்லும் சொல், அவன் அணிந்திருந்த மஞ்சள் அங்கியோடு தொடர்புபட்டது. விற்பனைக்கு வைத்த தூண்டில் அது. ஆயினும் தூண்டிலில் குத்திய புழுவாக வந்தவன் சேரிப் பிள்ளை. அவன் பேசியது சேரிப் பேச்சு. முதலாளித்துவம் தன் இலாபத்துக்காகத் திறந்த கதவின் வழியே எவரெவர் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அக்கதவின் வழியே நுழைந்தவர்களுள் தலைசிறந்தவர் ஜோர்ஜ் ஹெரிமன். 1905இல் ‘லிட்டில் நேமோ’வைத் தொடங்கிய வின்ஸர் மக்கே அவருக்கு முன்னவர். மாளிகைகளையும் கனவுகளையும் பிசிறில்லாத கோட்டினால் கட்டியெழுப்பிய அவரது திறமை வியக்கத்தக்கது. ஆனால் அது கட்டடக் கலைஞனின் திறமை. ஹெரிமனின் கோடு வேறு இனம். 1913 முதல் தாம் இறந்த 1944 வரை அவர் வரைந்துவந்த ‘கிறேஸி கற்’ தொடரின் கதை மூன்று வரியில் அடங்கும்: பூனை எலியை நேசிக்கிறது, எலி பூனையின் தலையில் செங்கல்லை எறிகிறது, நாய்க் காவற்காரன் எலியைச் சிறையில் தள்ளுகிறான். எறிந்த கல்லைப் பூனை அன்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுகள் இதே கதைதான். அலுக்காமல் இருந்ததற்குக் காரணம் கோடு. கிறுக்கியது போலவும், கீறிவிட்டது போலவும், எந்தக் கணமும் சிதறிவிடும் போலவும் நிற்கும் அக்கோடுகளால் ஆன பாலைநிலத்தில், பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அடுத்த கட்டத்தில் மலை மரமாகிவிடும், பகல் இரவாகிவிடும். பாத்திரங்களின் பேச்சோ பல தேசத்துக் குடியேறிகளின் உச்சரிப்புகள் கலந்த தெருப்பேச்சு. பள்ளிக்கூட இலக்கணம் அதனைத் தீண்டாது. பேச்சும் கோடும் ஒரே கையின் இரண்டு தொழில்கள் என்பதை அங்கேதான் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1971இல், ஓர் ஆராய்ச்சியாளர் அவரது பிறப்புப் பதிவைக் கண்டெடுத்தார். நியூ ஓர்லியன்ஸில் 1880இல் பிறந்த குழந்தையின் பெயருக்கு நேரே ‘நிறத்தவர்’ என்று எழுதப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளை என்று மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த நாட்டில், வெள்ளையராக வாழ்ந்து தமது பிறப்பை மறைத்துக்கொண்ட ஒருவர், கறுப்பு மையைக்கொண்டு வெள்ளைத் தாளில், அடியை அன்பென்று ஏற்கும் ஒரு கறுப்புப் பூனையை முப்பது ஆண்டுகள் வரைந்தார். இதற்குமேல் நாம் விளக்கம் சொல்லப் போவதில்லை. அமெரிக்கத் தூய கலைவாதிகள் அவரைத் ‘தூய கற்பனையின் மன்னர்’ என்று கொண்டாடுவதைப் பார்க்கும்போது மாத்திரம், அந்தப் பிறப்புப் பதிவை மறுபடி ஒரு தரம் அவர்கள் கையில் கொடுக்கத் தோன்றுகிறது.

தமிழுக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்துக்கு இடம் கொடுத்த முன்னோடி பாரதி. 1906 மே மாதம் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவை வெளிவந்தன, ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து 1994இல் நூலாக்கியுள்ளார். அரசியல் துணிவில் அவற்றுக்கு இணை சொல்வது கடினம். ஆயினும் அங்கே சிந்தனை பாரதியுடையது, கை வேறொருவருடையது. படம் சொல்லவேண்டியதை விளக்கவுரை சொல்லிவிடுகிறது. கோடு தலையங்கத்தின் ஏவலாளாக நிற்கிறது. ஏவலாள் தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்கியது 1930களில், ஆனந்த விகடனில் மாலி வரைய வந்தபோது எனலாம். கச்சேரி மேடையில் பாகவதர் ஒருவர் எட்டுகின்ற சுருதியை, உயர்ந்த ஒரு புருவத்தினாலும் நீண்ட ஒரு கையினாலும் மாலி காட்டிவிடுவார். சங்கீதம் காதுக்குரியது என்ற விதியை அவரது பேனா மதிக்கவில்லை. குறை என்னவென்றால் அந்தப் பேனா சபாவை விட்டு வெளியே அதிக தூரம் நடக்கவில்லை. மயிலாப்பூரின் திண்ணையும் மேடையும் அதற்கு உலகமாயிருந்தன. அந்த உலகத்தை அது அன்போடு கேலி செய்தது. அதன் அடித்தளத்தை அசைக்க விரும்பவில்லை.

ஈழத்திலே இதே காலத்துக்குச் சற்றுப் பின்னர் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஓப்ரி கொலெட் வரைந்தார். ’43 குழுவின் ஓவியர்களுள் ஒருவராதலால் அவரது தூரிகைக்கு நவீன ஓவியத்தின் பயிற்சி இருந்தது. அமைச்சர்களை அவர் சித்திரித்த முறையை இன்றும் வியக்கலாம்; ஆனால் அவரது வாசகர் ஆங்கிலம் அறிந்த வகுப்பினர். சிங்கள வாசகருக்கு 1951இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் ‘நீலா’ தொடங்கியது; சிங்களச் சித்திரக் கதை மரபின் தொடக்கம் அதுவே என்பர். பின்னர் அம்மரபு தனி ஏடுகளாகப் பெருகிக் கிராமம் கிராமமாகச் சென்றது. யட்டவத்தவில் நமது அயலவரான சிங்கள நண்பர்கள் தம் இளமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்தில் சித்திரக் கதை வந்துவிடும். தமிழ்நாட்டில் 1960 முதல் தினத்தந்தியில் வந்துகொண்டிருக்கும் ‘கன்னித்தீவு’ எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய எத்தனையோ பேருக்கு முதற் பாடநூலாக இருந்ததை நாம் மதிக்கிறோம். ஆயினும் அதன் கோடு கதைக்குக் குற்றேவல் செய்யும் கோடு. நேற்றைய முகமும் இன்றைய முகமும் ஒன்றுதான்.

இவற்றுக்கெல்லாம் நடுவே நம்மிடம் சுந்தர் இருந்தார். கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம் கட்டடக்கலை கற்கப் பம்பாய்க்குச் சென்றார். அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பினார். தினகரனில் அவர் வரைந்த ‘சவாரித்தம்பர்’ யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியின் புழுதியையே பெயரில் தாங்கி வந்த பாத்திரம். சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மெயில்வாகனத்தாரும் மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரனும் உருவான காலம், ‘இழிசனர் வழக்கு’ என்ற வசை நமது எழுத்தாளர் தலைமேல் விழுந்த அதே காலம். தினகரனில் க. கைலாசபதி ஆசிரியராயிருந்த 1959–1961 ஆண்டுகளில் மண்வாசனை என்பது கொள்கையாக முழங்கியது. சுந்தரோ கொள்கை எதையும் முழங்கவில்லை. வடமராட்சிக் கிழவன் வாயில் வடமராட்சிப் பேச்சை வைத்தார், அவ்வளவே. அந்தப் பேச்சைப் பண்டிதர்களும் வாசித்துச் சிரித்தார்கள்! நாவலில் வந்தால் இழிவு, படத்தின் கீழ் வந்தால் இரசனை என்ற இந்த முரண்பாட்டை அன்று எவரும் அவர்களிடம் சுட்டிக்காட்டாதது நமக்கு வருத்தமே.

அந்தப் பேச்சு ஏன் பொருந்தியது? கோடும் அதே பேச்சைப் பேசியதால். செந்தமிழ்க் கோட்டினால் வரைந்த ஓர் ஆளின் வாயில் கொச்சை வந்திருந்தால் அது வெறும் பரிகாசமாகியிருக்கும். பட்டணத்தான் பட்டிக்காட்டானைப் போல் நடித்துக் காட்டுவதாகியிருக்கும். சுந்தரின் கோடு அலங்காரத்தை நாடவில்லை. பின்னணியை நிரப்பும் ஆசை அதற்கு இல்லை. ஆளின் நிற்கும் பாங்கில், முதுகின் வளைவில், அவனுடைய ஊரும் தொழிலும் வீம்பும் வந்துவிடுகின்றன. 1960களின் முற்பாதியில் அவர் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்ற ‘சிரித்திரன்’ சஞ்சிகையில், சீதனம், உத்தியோக மோகம், போலி நாகரிகம் எல்லாம் இக்கோட்டின் முன் வந்து நின்று அவமானப்பட்டன. 1996இல் அவர் மறையும்வரை அந்தப் பேனா அந்த மண்ணை மறக்கவில்லை.

ஆனால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே தரமானவை என்று நாம் கூற மாட்டோம். கிராமத்தவரை வரையும்போது உள்ளிருந்து பேசுகிற கோடு, நகரத்து நடுத்தர வகுப்பினரை வரையும்போது வெளியிலிருந்து சுட்டுகிற விரலாகிவிடுகிறது. டாமோடிரன் தம்பதியைக் கண்டு நாம் சிரிக்கிறோம்; சவாரித்தம்பரோடு சேர்ந்து சிரிக்கிறோம். இரண்டும் வேறு வேறு. அறிந்தவனை வரைவதும் வெறுப்பவனை வரைவதும் ஒரே மையில் நிகழ்ந்தாலும் கோட்டில் ஒன்றாவதில்லை.

மேலும் ஒன்று உண்டு. மலையகத்தில் வாழ்பவர்களுக்கு அது உறுத்தும். சுந்தரின் புகழ்பெற்ற பாத்திர வரிசையில் தோட்டத் தொழிலாளி இல்லை. இதற்காக அவரைக் குற்றஞ்சாட்டுவது நீதியன்று. கரவெட்டியை அறிந்தவர் கரவெட்டியை வரைந்தார். கேள்வி நம்மை நோக்கியது. சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார், என். எஸ். எம். ராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதினார். மலையகப் பேச்சு இலக்கியமாகி நிலைபெற்றுவிட்டது. ஆனால் சவாரித்தம்பரைப் போல மக்கள் வாயில் பெயர் சொல்லி வாழும் ஒரு கொழுந்துக்காரியோ, ஒரு பால்வெட்டுக்காரனோ நமது பத்திரிகைச் சித்திரத்தில் எழவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்தவர்களின் வழித்தோன்றல்கள், 1948இல் குடியுரிமை இழந்தவர்கள், அடுத்தடுத்து வரிசையாய்க் கட்டிய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில் தலைமுறைகளைக் கழித்தவர்கள்; அவர்களுக்காகத் துரைமார் வரைந்த கோடு ஒன்று உண்டு, அதன் பெயர் ‘லயன்’. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வரிசை என்றும் கோடு என்றும் பொருள். அவர்கள் தாமே வரைந்த கோடு எங்கே?

இந்த வெற்றிடத்தை நமது முகாமும் நிரப்பவில்லை. முற்போக்கு ஏடுகளின் அட்டையைப் பாருங்கள்: உயர்த்திய முட்டி, புடைத்த புயம், உதயசூரியன். அந்தப் புயம் எந்தத் தொழிலாளியுடையது? துறைமுகத்தவனுடையதா, நெசவாளியுடையதா, இறப்பர்த் தோட்டத்தவனுடையதா? எவனுடையதுமன்று. நாட்காட்டித் தெய்வத்தின் செந்தமிழ் வேறு உடை உடுத்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான். 1943இல் வங்காளத்தில் 20 முதல் 30 இலட்சம் மக்களைப் பஞ்சம் விழுங்கியபோது, மேதினிபூர் மாவட்டத்தினூடே கால்நடையாகச் சென்று பேனாவினால் வரைந்தார் சித்தபிரசாத். ‘பசித்த வங்காளம்’ என்ற அவரது சிறு நூலை ஆங்கில அரசு பறித்து அழித்தது. அதே வேளையில் கல்கத்தாத் தெருக்களில் மலிவான பொதி தாளில் கறுப்பு மையினால் ஜைனுல் ஆபிதீன் வரைந்தார். அவர்களும் கட்சி சார்ந்து, மக்கள் சார்ந்து வரைந்தவர்கள்தாம். ஆனால் ஒரு முட்டியைக்கூட அவர்கள் பொதுவாக வரையவில்லை. விலா எலும்பை எண்ணி வரைந்தார்கள்.

யட்டவத்தவில் பத்தாம் வகுப்பு மாணவரிடம், தாயோ தந்தையோ வேலை செய்யும் காட்சியை வரைந்து வரும்படி கேட்டோம். வந்த படங்களில் பெரும்பாலானவை ஒன்றையே காட்டின: பளிச்சென்ற சேலை, நகை, புன்னகை, முதுகிலே கூடை, பின்னால் பச்சை மலை. தேயிலைப் பெட்டியிலிருந்தும் சுற்றுலாச் சுவரொட்டியிலிருந்தும் இறங்கி வந்த பெண். இந்தப் பகுதியில் இறப்பரும் மிளகும் கொக்கோவும் உண்டு. அவ்வகுப்பில் அதிகமான பிள்ளைகளின் தாய்மார் இறப்பர்த் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். ஒரு மாணவி மாத்திரம் எழுந்து, “சேர், எங்கம்மா கொழுந்து எடுக்கிறதில்ல, பால் வெட்டுறாங்க. அதை எப்பிடி வரையிறதுன்னு தெரியல்ல” என்றாள். தெரியாதது அவள் குற்றமன்று. பார்த்துப் படியெடுக்க அதற்கு ஒரு படம் இந்நாட்டில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பால் வெட்டுவது எப்படி என்று நாம் அவளையே கேட்டோம். விடிவதற்குமுன் போக வேண்டும். இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சாய்வாக ஒரே இழுப்பில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் வராது. நேற்றைய வெட்டை ஒட்டியே இன்றைய வெட்டு விழ வேண்டும். கீழே சிரட்டை. அவள் சொல்லச் சொல்ல நாம் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தோம். அழுத்தம் எவ்வளவு, சாய்வு எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்று அறிந்த அந்தக் கைக்கு, ஹெரிமனோ மாலியோ கோட்டைப் பற்றிப் புதிதாகக் கற்பிக்கக்கூடியது அதிகமில்லை. அந்தக் கையைத்தான் தேயிலைப் பெட்டி அவள் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

முகத்தை விட்டுவிட்டுக் கையையும் கத்தியையும் மாத்திரம் வரையும்படி சொன்னோம். இரண்டாம் முறை வந்த படத்தில் சேலையும் இல்லை, புன்னகையும் இல்லை. முழங்கையின் கோடு இரண்டு இடங்களில் தப்பியிருந்தது. கத்தியைப் பற்றிய பெருவிரல் சரியாக இருந்தது. இப்போது ஆறு பேர் சேர்ந்து பாடசாலைச் சுவர்ப் பத்திரிகைக்கு நான்கு கட்டத் தொடர் ஒன்று வரைகிறார்கள். கங்காணியும் பால் நிறுக்கும் தராசும் அதில் வருகின்றன; பெயர் இன்னும் முடிவாகவில்லை. முதற் பக்கத்தைப் பென்சிலால் நிழல் தீட்டிக் கொண்டுவந்தார்கள். கடைத்தெருவிலுள்ள பிரதி எடுக்கும் இயந்திரத்தில் போட்டபோது நிழல் எல்லாம் மறைந்து வெள்ளையாக வந்தது. நாகத்தகட்டைப் போலவே அதற்கும் சாம்பல் தெரியவில்லை. கறுப்புப் பேனா வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.